பிரேசிலும் இந்தியாவும்: மருந்தில் கூட்டு, கரும்பில் போட்டி

இட்டிலிக்கு ஊறப் போடும் உளுந்து எங்கிருந்து வருகிறது? நம் நாட்டு வயல்களிலிருந்து வருகிறது. அது போதாதபோது பர்மாவிலிருந்து, அதாவது மியான்மரிலிருந்து வருகிறது. இந்த வரிசையில் இன்னொரு தேசமும் சேர்ந்திருக்கிறது. அதுதான் பிரேசில்.

2023-ம் ஆண்டு பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்த உளுந்து சுமார் 4,000 டன். 2024-ல் அக்டோபர் முடிவதற்குள் அது 20,000 டன்னைத் தாண்டிவிட்டது. இத்தனைக்கும் உளுந்து பிரேசில் ஜனங்களின் சாப்பாடு அல்ல. சோற்றோடு அவர்கள் சாப்பிடுவது வேறு வகைப் பயறு. நமக்கு விற்பதற்காகவே அங்கே உளுந்து விதைக்கிறார்கள்.

பிரேசில் இருப்பது பக்கத்தில் அல்ல. டெல்லிக்கும் பிரேசிலின் தலைநகரான பிரசீலியாவுக்கும் இடையே சுமார் 14,000 கிலோமீட்டர் தூரம். சரக்குக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்து சேர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இங்கே காலை 6 மணி என்றால் அங்கே முந்திய இரவு 9.30 மணி.

இவ்வளவு தூரத்தில் இருக்கும் இரண்டு தேசங்கள் ஏன் கைகோக்க வேண்டும்? அதனால் யாருக்கு லாபம்? எங்கே இடறுகிறது?

கள்ளிக்கோட்டைக்குப் புறப்பட்ட கப்பல்

பிரேசில் தென் அமெரிக்காவில் இருக்கிறது. பரப்பில் இந்தியாவைப் போல் இரண்டரை மடங்கு. ஜனத்தொகை 21 கோடி. அதாவது, இடம் அதிகம், ஆட்கள் குறைவு. நமக்கோ இடம் குறைவு, ஆட்கள் அதிகம்.

பிரேசிலை ஐரோப்பியர் கண்டதற்கே இந்தியாதான் காரணம். 1500-ம் ஆண்டு மார்ச்சு மாதம், கப்ரால் என்ற போர்ச்சுகீசியத் தளபதி கப்பல்களோடு கள்ளிக்கோட்டைக்குப் புறப்பட்டார். மேற்கே வெகுதூரம் விலகிப் போனவர், ஏப்ரல் 22-ந் தேதி ஒரு கரையைக் கண்டார். அதுதான் பிரேசில். அங்கிருந்து மறுபடி புறப்பட்டு, செப்டம்பரில் கள்ளிக்கோட்டைக்கு வந்து சேர்ந்தார்.

பிறகு போர்ச்சுகீசியக் கப்பல்கள் இரண்டு பக்கமும் விதைகளைச் சுமந்தன. பண்ருட்டியில் விளைகிற முந்திரியின் பூர்வீகம் பிரேசில்தான். சேலத்து ஜவ்வரிசிக்கு ஆதாரமான மரவள்ளிக் கிழங்கும் தென் அமெரிக்காவில் பிறந்ததே. அதுபோல, நம் மாமரம் பிரேசிலுக்குப் போய் அங்கே தெரு ஓரமெல்லாம் நிழல் தருகிறது.

ஆனால், சுதந்திர இந்தியாவுக்கும் பிரேசிலுக்கும் உறவு சூடு பிடிக்க நாளாயிற்று. 1948-ல் தூதரகங்கள் ஏற்பட்டன. ஆயினும், கோவா விவகாரத்தில் பிரேசில் தன் தாய்மொழி தேசமான போர்ச்சுகலின் பக்கம் நின்றது. 1961-ல் கோவா இந்தியாவுடன் சேர்ந்தது. அதன் பிறகே கசப்பு குறைந்தது. 1968-ல் பிரதமர் இந்திரா காந்தி பிரேசிலுக்குப் போய் வந்தார்.

ஒங்கோல் மாடு போன கதை

சர்க்கார்கள் பேசிக்கொள்ளாத காலத்திலும் மாடுகள் போய்ச் சேர்ந்தன!

பிரேசிலில் ஐரோப்பிய மாடுகள் வெயில் தாங்காமல் தவித்தன. உண்ணி கடித்து நோயில் விழுந்தன. அங்கே இருந்த பண்ணைக்காரர்கள் இந்தியாவின் திமில் மாட்டைத் தேடி வந்தார்கள். அப்போது சென்னை ராஜதானியில் இருந்த ஒங்கோல், நெல்லூர் பகுதிகளிலிருந்து 19-ம் நூற்றாண்டிலேயே மாடுகள் கப்பல் ஏறின. குஜராத்திலிருந்து கிர் மாடுகளும் போயின. 1960-களின் தொடக்கம் வரை இந்த ஏற்றுமதி விட்டுவிட்டு நடந்தது.

இன்று பிரேசிலில் 23 கோடிக்கு மேல் மாடுகள் இருக்கின்றன. அவற்றில் பெரும் பங்கு ஒங்கோல் மாட்டின் வம்சம். அங்கே அதற்குப் பெயர் "நெலோரி". நெல்லூரின் பெயர்தான் அப்படித் திரிந்தது. உலகத்துக்கு மாட்டிறைச்சி விற்பதில் பிரேசில் முதல் வரிசையில் நிற்பது இந்த மாட்டினால்தான். கிர் மாட்டை ஐரோப்பியக் கறவை மாட்டுடன் கலந்து, "கிரோலாண்டோ" என்ற இனத்தை உண்டாக்கிப் பாலையும் பெருக்கினார்கள்.

அவர்கள் செய்த முக்கியமான காரியம் ஒன்று உண்டு. எந்தக் காளை, எந்தப் பசு, எத்தனை லிட்டர் பால், கன்றின் எடை எவ்வளவு என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்கு எழுதி வைத்தார்கள். நம்மிடம் மாடு இருந்தது. அவர்களிடம் கணக்குப் புத்தகம் இருந்தது. இன்று இந்திய மாட்டு இனத்தைப் பற்றி பிரேசிலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை வந்திருக்கிறது. 2025 ஜூலையில் இரு தேசங்களின் விவசாய ஆராய்ச்சி நிலையங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதில் நாம் கேட்டு வாங்க வேண்டிய முதல் பாடம் இதுவே.

கோயமுத்தூர்க் கரும்பு

மாட்டைப் போலவே கரும்பும் போயிற்று.

கோயமுத்தூரில் 1912-ல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அங்கே இனிப்புக் கரும்பையும் காட்டில் வளரும் நாணல் போன்ற பேய்க்கரும்பையும் ஒட்டுச் சேர்த்துப் புது ரகங்களைக் கண்டுபிடித்தார்கள். பார்பர் என்ற வெள்ளைக்காரரும், அவருக்குப் பின் டி. எஸ். வெங்கடராமனும் இந்த வேலையை நடத்தினார்கள். இந்த ரகங்கள் நோய் தாங்கின. வறட்சி தாங்கின. அவற்றுக்குக் கோயமுத்தூரின் முதல் எழுத்தை வைத்துக் "கோ" என்று பெயரிட்டார்கள்.

கோ 290, கோ 331, கோ 419 ஆகிய ரகங்கள் பிரேசில் வயல்களில் பயிராயின. பழைய ரகங்களை நோய் அழித்த காலத்தில் இவை கைகொடுத்தன. இன்று கரும்பு விளைச்சலிலும் சர்க்கரை ஏற்றுமதியிலும் உலகத்திலேயே முதல் தேசம் பிரேசில். கரும்பில் இரண்டாவது இந்தியா.

இங்கேதான் சிக்கலும் பிறக்கிறது. ஒரே சந்தையில் ஒரே சரக்கை விற்கும் இரண்டு கடைக்காரர்கள் எப்படி நண்பர்களாக இருக்க முடியும்?

மாத்திரையில் மலர்ந்த நேசம்

சண்டையைப் பார்க்குமுன் நட்பைப் பார்க்கலாம். அது மருந்தில் வளர்ந்தது.

எய்ட்ஸ் நோயாளிகளுக்கு இலவசமாக மருந்து தரவேண்டும் என்று பிரேசில் 1996-ல் சட்டம் செய்தது. மருந்தின் விலையோ கட்டுப்படியாகவில்லை. உரிமை வைத்திருந்த அமெரிக்கக் கம்பெனியுடன் பேரம் பேசிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. 2007 மே மாதம், எபாவிரென்ஸ் என்ற மருந்துக்கு அந்தக் கம்பெனிக்கு மட்டும் இருந்த தனி உரிமையைப் பிரேசில் தளர்த்தியது. உலக வர்த்தக விதிகளில் அதற்கு இடம் உண்டு. உடனே இந்தியாவிலிருந்து அதே மருந்தை வாங்கியது. விலை பழைய விலையில் பாதிக்கும் குறைவு!

அடுத்த ஆண்டு ஒரு சோதனை வந்தது. 2008 டிசம்பரில், இந்தியாவிலிருந்து பிரேசிலுக்கு 570 கிலோ ரத்த அழுத்த மருந்துச் சரக்கு போய்க்கொண்டிருந்தது. வழியில் நெதர்லாந்துச் சுங்க அதிகாரிகள் அதைப் பிடித்துவைத்தார்கள். அந்த மருந்துக்கு இந்தியாவிலும் தனி உரிமை கிடையாது. பிரேசிலிலும் கிடையாது. நெதர்லாந்தில் மட்டுமே இருந்தது. சரக்கோ நெதர்லாந்தில் விற்க வந்ததல்ல. வழிப்பயணம் மட்டுமே. ஆயினும் ஒரு மாதத்துக்கு மேல் முடங்கி, கடைசியில் இந்தியாவுக்கே திரும்பியது.

இந்தியாவும் பிரேசிலும் சும்மா இருக்கவில்லை. 2010-ல் இரண்டும் உலக வர்த்தக அமைப்பில் ஐரோப்பாவின் மீது வழக்குத் தொடுத்தன. ஒருவர் தனியாகக் கேட்டிருந்தால் காதில் விழுந்திருக்குமோ, என்னவோ! விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து கேட்டதால் ஐரோப்பா இறங்கி வந்தது. வழிப்பயணச் சரக்கைப் பற்றி 2011-ல் இந்தியாவுடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது.

கொரோனா காலத்திலும் இந்த நேசம் தொடர்ந்தது. 2021 ஜனவரி 22-ந் தேதி, புனாவில் தயாரான 20 லட்சம் தடுப்பூசி மருந்துகள் பிரேசிலில் போய் இறங்கின.

மருந்தில் இந்தக் கூட்டு ஏன் பலித்தது? ஒருவரிடம் சரக்கு இருந்தது. மற்றவரிடம் தேவை இருந்தது. நடுவில் இருந்த தடை இரண்டு பேருக்கும் பொது. அவ்வளவுதான்.

கரும்பில் சண்டை

கரும்புக் கதை வேறு. 2019-ல் பிரேசில், ஆஸ்திரேலியா, கவுதமாலா மூன்றும் உலக வர்த்தக அமைப்பில் இந்தியாவின் மீது வழக்குப் போட்டன.

அவர்கள் சொன்ன குற்றச்சாட்டு இது: "இந்தியச் சர்க்கார் கரும்புக்கு விலை கட்டுகிறது. அதனால் விளைச்சல் அளவுக்கு மிஞ்சுகிறது. மிஞ்சிய சர்க்கரையை உதவிப் பணம் கொடுத்து வெளியே தள்ளுகிறது. உலகச் சந்தையில் விலை விழுகிறது. எங்கள் விவசாயி நஷ்டப்படுகிறான்."

இந்தியா சொன்ன பதில் இது: "கரும்புக்குப் பணம் கொடுப்பது ஆலைகள். சர்க்கார் கஜானாவிலிருந்து போவதல்ல. சிறு விவசாயிக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டாமா?"

இரண்டிலும் உண்மை இருக்கிறது. பிரேசிலில் ஆலைகளே பல ஆயிரம் ஏக்கரில் கரும்பு வைத்திருக்கின்றன. வெட்டுவது இயந்திரம். நம் நாட்டிலோ, சர்க்கார் கணக்குப்படி, கரும்பு விவசாயிகளும் அவர்கள் குடும்பத்தாருமாக 5 கோடிப் பேர் இதை நம்பி இருக்கிறார்கள். கட்டிய விலை இல்லையென்றால் இரண்டு ஏக்கர்க்காரர் ஆலை சொன்னதை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

2021 டிசம்பரில் தீர்ப்பு இந்தியாவுக்கு எதிராக வந்தது. இந்தியா அப்பீல் செய்தது. ஆனால், அப்பீல் கோர்ட்டில் நீதிபதிகள் இல்லை! புதிய நீதிபதிகளை நியமிக்க அமெரிக்கா இணங்காததால், 2019 டிசம்பரிலிருந்தே அந்தக் கோர்ட்டு முடங்கிப் போயிற்று. எனவே, வழக்கு அந்தரத்தில் நின்றது.

எரிசாராயம் என்னும் வழி

கோர்ட்டில் தீராத இந்தச் சண்டைக்கு வேறு ஒரு வழி உண்டு. அதைப் பிரேசிலே காட்டியிருக்கிறது. அதுதான் எரிசாராயம். எத்தனால் என்றும் சொல்வார்கள்.

1973-ல் பெட்ரோல் விலை திடீரென்று பல மடங்கு ஏறியது. பிரேசில் திண்டாடியது. 1975-ல் ஒரு திட்டம் போட்டது. கரும்புச் சாற்றைச் சர்க்கரையாக்குவதுபோல், எரிசாராயமாகவும் ஆக்கிப் பெட்ரோலில் கலந்தார்கள். எரிசாராயத்திலேயே ஓடும் கார்களும் வந்தன.

நடுவில் அடியும் பட்டார்கள். 1980-களின் கடைசியில் பெட்ரோல் மலிந்தது. சர்க்கரை விலை ஏறியது. ஆலைகள் சர்க்கரைப் பக்கம் சாய்ந்துவிட்டன. எரிசாராயம் கிடைக்காமல் கார்க்காரர்கள் பங்க்கில் வரிசையில் நின்றார்கள். அந்தக் கசப்பு தீர வெகுநாள் ஆயிற்று. 2003-ல் எந்தக் கலவையிலும் ஓடும் கார்கள் வந்தன. எது மலிவோ அதை ஊற்றிக்கொள்ளலாம். அதன் பிறகுதான் ஜனங்களுக்கு நம்பிக்கை வந்தது. 2025 ஆகஸ்டு முதல் அங்கே பெட்ரோலில் 100-க்கு 30 பங்கு எரிசாராயம் கலக்கப்படுகிறது.

இந்தியாவும் அதே வழியில் நடந்தது. 2022-ல் 100-க்கு 10 பங்கு கலந்தது. 2025-ல் 20 பங்கை எட்டியது. 2023 செப்டம்பரில் டெல்லியில் இந்தியா, பிரேசில், அமெரிக்கா முதலிய நாடுகள் சேர்ந்து, தாவர எரிபொருளுக்காக ஓர் உலகக் கூட்டணியைத் தொடங்கின.

இதனால் சண்டை எப்படிக் குறையும்? மிஞ்சிய கரும்பு எரிசாராயமானால் மிஞ்சிய சர்க்கரை இல்லை. மிஞ்சிய சர்க்கரை இல்லையென்றால் வெளியே தள்ள வேண்டியதில்லை. உலக விலை விழாது. பிரேசில் விவசாயிக்கும் கோபம் வராது. இங்கே ஆலைக்குக் காசு கையில் வந்தால், கரும்பு நிலுவைக்கு விவசாயி நடையாய் நடக்க வேண்டியதில்லை.

ஆனால், தண்ணீர்?

பிரேசிலைப் பார்த்து அப்படியே செய்துவிட முடியாது. அங்கே சாவோ பாலோ வட்டாரத்தில் பெரும்பாலான கரும்பு மழையிலேயே விளைகிறது. தமிழ்நாட்டில் கரும்புக்கு நாம் பாசனத் தண்ணீர் கட்டவேண்டும். ஒரு லிட்டர் எரிசாராயத்துக்குப் பின்னால் எத்தனை கிணறு வற்றும் என்ற கணக்கும் வேண்டும்.

கரும்பு போதாமல் மக்காச்சோளத்திலிருந்தும் இங்கே எரிசாராயம் எடுக்கிறார்கள். மக்காச்சோளம்தான் கோழித் தீவனமும். தீவன விலை ஏறினால் நாமக்கல் முட்டை விலையும் ஏறும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள், "மைலேஜ் குறைகிறது" என்று முறையிடுகிறார்கள். பிரேசிலில் கார்க்காரருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறது. இங்கே பங்க்கில் ஊற்றுவதைத்தான் வாங்க வேண்டும்.

ஆகவே, பிரேசிலிடம் நாம் கற்க வேண்டியது எரிசாராயம் காய்ச்சும் வித்தையை மட்டும் அல்ல. எந்த வண்டியிலும் பழுதில்லாமல் ஓடச்செய்யும் வித்தையும், குறைந்த தண்ணீரில் விளையும் கரும்பும்தான். கோயமுத்தூர் விதை கொடுத்தது. இப்போது பதிலுக்குக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

வியாபாரம் எவ்வளவு?

2025 ஜூலை 8-ந் தேதி, பிரதமர் மோடியும் பிரேசில் ஜனாதிபதி லூலாவும் பிரசீலியாவில் சந்தித்தார்கள். இரு தேசங்களுக்கும் இடையே ஆண்டுக்குச் சுமார் 1,200 கோடி டாலராக இருந்த வியாபாரத்தை, ஐந்து ஆண்டில் 2,000 கோடி டாலராக ஆக்குவது என்று முடிவு செய்தார்கள்.

இது பெரிய தொகையா? சீனாவோடு ஒப்பிட்டால் தெரியும். 2024-ல் சீனாவுக்கும் பிரேசிலுக்கும் இடையே நடந்த வியாபாரம் 15,000 கோடி டாலருக்கும் மேல். சீனாவும் பிரேசிலுக்குத் தூரதேசம்தான். ஆகவே, தூரம் காரணம் அல்ல.

நாம் பிரேசிலிலிருந்து வாங்குவது கச்சா எண்ணெய், சோயா எண்ணெய் முதலியவை. இந்தியா ஆண்டுக்குச் சுமார் 160 லட்சம் டன் சமையல் எண்ணெயை வெளியிலிருந்து வாங்குகிறது. நாம் அனுப்புவது டீசல், மருந்து, பூச்சி மருந்து, நூல், மோட்டார் உறுப்புகள்.

தொழிற்சாலைகளும் வருகின்றன, போகின்றன. சென்னையில் தயாராகும் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்களைப் பகுதி பகுதியாக அனுப்பி, அமேசான் காட்டு நடுவே உள்ள மனாவுஸ் நகரில் பூட்டும் வேலை 2022-ல் தொடங்கியது. 2024-ல் பஜாஜும் அங்கே தொழிற்சாலை திறந்தது. பிரேசிலின் வெக் கம்பெனி 2011-ல் ஓசூரில் மின்சார மோட்டார் தொழிற்சாலை திறந்தது. இந்திய விமானப்படையின் "நேத்ரா" ரேடார் விமானத்துக்கு உடல் பிரேசிலின் எம்ப்ராயர் விமானம். கண் இந்திய விஞ்ஞானிகள் செய்த ரேடார்.

கதவு ஏன் அகலமாகத் திறக்கவில்லை?

முதல் காரணம் வரி. பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே ஆகிய நாடுகள் சேர்ந்து 1991-ல் "மெர்க்கோசூர்" என்ற வியாபாரக் கூட்டு அமைத்தன. கூட்டுக்குடும்பம் போல, வரியைக் குறைக்க எல்லோரும் சம்மதிக்க வேண்டும். பிரேசில் தனியாகக் குறைக்க முடியாது. இந்தியா அந்தக் கூட்டுடன் 2004-ல் ஓர் ஒப்பந்தம் செய்தது. 2009-ல்தான் அமலுக்கு வந்தது. அதில் வரிச் சலுகை கிடைப்பது ஒவ்வொரு பக்கமும் சுமார் 450 சாமான்களுக்கு மட்டுமே. பல சாமான்களுக்குச் சலுகை 100-க்கு 10 பங்குதான்.

இரண்டாவது காரணம் பயம். இரண்டு தேசமும் விவசாய தேசம். சலுகை கொடுத்தால் தன் விவசாயி விழுந்துவிடுவானோ என்ற பயம் நமக்கு. தன் தொழிற்சாலை விழுந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு.

ஆனால், காலம் இருவரையும் நெருக்குகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா பிரேசில் சரக்குகளுக்கும் இந்தியச் சரக்குகளுக்கும் 100-க்கு 50 என்று வரி போட்டது. பிற்பாடு மாற்றங்கள் வந்தன. என்றாலும், ஒரே வாங்குபவரை நம்பிக் கடை வைத்தால் என்ன ஆகும் என்பதை இருவரும் ஒரே மாதத்தில் கண்டார்கள்.

உலக மன்றங்களில் ஏற்கெனவே இருவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். 2003-ல் தென் ஆப்பிரிக்காவைச் சேர்த்துக்கொண்டு மூன்று தேசக் கூட்டு அமைத்தார்கள். ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு சபையில் நிரந்தர இடம் வேண்டும் என்று இருவரும் கேட்கிறார்கள். அந்த இடம் எப்போது கிடைக்குமோ தெரியாது. வரி குறைப்பதற்கு அந்த மன்றங்களின் அனுமதி வேண்டாம். மெர்க்கோசூர் கூட்டாளிகளையும் சேர்த்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்து பேசினால் போதும்.

உளுந்துக் கணக்கு

மறுபடி உளுந்துக்கு வருவோம். பிரேசில் உளுந்து வந்தால் இல்லத்தரசிக்கு விலை குறையும். நல்லதுதான். ஆனால், தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்தில் சம்பா அறுத்த வயலில் உளுந்து தெளிக்கும் விவசாயி என்ன ஆவார்? அவர் மூட்டை சந்தைக்கு வரும் பங்குனி, சித்திரையில் வெளிநாட்டு உளுந்தும் துறைமுகத்தில் இறங்கினால் விலை விழும். அடுத்த ஆண்டு அவர் தெளிக்க மாட்டார். அப்போது இல்லத்தரசிக்கும் ஆபத்துதான்.

எனவே, எவ்வளவு வாங்குவது என்பதோடு, எப்போது வாங்குவது என்றும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். நம் விளைச்சல் தீர்ந்த மாதங்களில் வரட்டும். நம் அறுவடை மாதங்களில் நிற்கட்டும். பிரேசில் பண்ணைக்காரருக்கும் இது நல்லது. இந்தியா வாங்குமா, மாட்டாதா என்று தெரியாமல் விதைப்பதைவிட, இந்த மாதம் இவ்வளவு என்று தெரிந்து விதைப்பது மேல்.

மருந்தில் நட்பு பலித்தது, ஒருவர் குறையை மற்றவர் நிரப்பியதால். கரும்பில் சண்டை வந்தது, இருவர் கையிலும் ஒரே சரக்கு மிஞ்சியதால். அடுத்த ஒப்பந்தத்துக்கு உட்காரும் மந்திரிகள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசட்டும். 2,000 கோடி டாலர் என்பது காகிதத்தில் எழுதும் தொகை. திருவாரூர் விவசாயியின் மூட்டைக்கு விலை நிற்கிறதா, வீட்டில் எண்ணெய்ச் செலவு குறைகிறதா, கரும்பு நிலுவை கைக்கு வந்ததா என்று பார்த்தால்தான் அந்த ஒப்பந்தம் நல்லதா, கெட்டதா என்று சொல்ல முடியும்.